உடற்பயிற்சி செய்தால் மூளையில் புதிய செல்கள் பிறக்குமா?

கேள்வி இதுதான்: "வளர்ந்தபின் மூளையில் புதிய செல்கள் உருவாகவே உருவாகாது என்றுதான் பள்ளியில் படித்தோம். இப்போது ஓடினால், நடந்தால் புதிய மூளைச் செல்கள் பிறக்கும் என்கிறார்கள். எது சரி? பிறக்கும் என்றால் எந்தப் பயிற்சி, எவ்வளவு செய்ய வேண்டும்?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எலிகள் ஓடினால் அவற்றின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் புதிய நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், கூடுதலாகப் பிறக்கின்றன. கால் நூற்றாண்டாக வெவ்வேறு ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று, இதில் சந்தேகமில்லை. மனிதர்களிலும் வளர்ந்தபின் புதிய நியூரான்கள் பிறக்கின்றன என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. எத்தனை பிறக்கின்றன என்பதில்தான் விவாதம் ஓயவில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளைக்குள் பார்த்து, "இந்த நியூரான் இவர் நடந்ததால் பிறந்தது" என்று இதுவரை யாரும் காட்டவில்லை. இந்த மூன்றும் மூன்று தனித்தனி விஷயங்கள். மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, "தினமும் நடந்தால் மூளைச் செல் வளரும்" என்று ஒரே வரியில் பரப்புவதால்தான் இவ்வளவு குழப்பம்.

உடற்பயிற்சி மூளைக்கு நல்லது என்பது வேறு கேள்வி. அதற்கான விடை, புதிய செல்கள் பிறக்கின்றனவா இல்லையா என்பதை மட்டும் நம்பி நிற்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் பள்ளியில் படித்தது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நரம்பு மண்டலம் தனித்தனி செல்களால் ஆனது என்று நிறுவியதில் பெரும்பங்கு ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹாலுக்கு உண்டு. 1906ல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்த மூளையில் எதுவும் சாகலாம், எதுவும் மறுபடி பிறக்காது என்ற பொருளில் அவர் எழுதிவைத்தார். அன்று அவரிடம் இருந்த நுண்ணோக்கியையும் சாயங்களையும் கொண்டு பார்த்தால் யாரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். பிரச்சினை, அது பல தலைமுறைகளுக்குக் கேள்வி கேட்கக்கூடாத விதியாகிவிட்டதுதான்.

அதை அசைத்த முதல் ஆள் ஜோசப் ஆல்ட்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது ஒரு எளிய வழியைப் பயன்படுத்தினார். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கத் தைமிடின் என்ற மூலப்பொருள் வேண்டும். கதிரியக்கம் ஏற்றிய தைமிடினை எலிக்கு ஊசியில் செலுத்தினால், அந்த நேரத்தில் பிறக்கும் செல்களில் மட்டும் அந்தக் கதிரியக்கம் பதிந்துவிடும். பின்னர் மூளையைச் சீவிப் பார்த்தால் எந்தச் செல் புதிது என்று தெரிந்துவிடும். ஆல்ட்மனும் கோபால் தாஸும் 1965ல் வெளியிட்ட கட்டுரையில், வளர்ந்த எலியின் மூளையில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நியூரான்கள் தெரிகின்றன என்று எழுதினார்கள். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1977ல் மைக்கேல் கப்லன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அவை நியூரான்களேதான் என்று காட்டினார். அதற்கும் அதே கதிதான். 1980களில் ஃபெர்னாண்டோ நாட்டெபோம், கேனரிப் பறவைகளில் பாட்டுக்குரிய மூளைப் பகுதியில் புதிய நியூரான்கள் பிறப்பதைக் கண்டார். பறவைக்கு நடந்தால் மனிதனுக்கு நடக்குமா என்றார்கள். 1985ல் பாஷ்கோ ராகிச் வளர்ந்த குரங்குகளின் மூளையில் தேடி, புதிய நியூரான் எதுவும் இல்லை என்று எழுதினார். அவர் அந்தத் துறையில் மிகுந்த செல்வாக்கு உள்ளவர். கதவு மறுபடி மூடிக்கொண்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1999ல், அதே ராகிச்சின் ஆய்வகமே வளர்ந்த குரங்கின் ஹிப்போகாம்பஸில் புதிய நியூரான்களைக் கண்டு வெளியிட்டது. ஒருவர் தன் பழைய முடிவுக்கு எதிரான சான்றைத் தானே வெளியிடுவது எனக்கு மிகவும் மதிப்புக்குரிய விஷயமாகத் தோன்றுகிறது.

மனிதர்களைப் பற்றிய முதல் நேரடிச் சான்று 1998ல் வந்தது. அது வந்த விதம் மனதைத் தொடுவது. பி.ஆர்.டி.யு. என்றொரு பொருள் உண்டு; கதிரியக்கத் தைமிடின் செய்யும் அதே வேலையைக் கதிரியக்கம் இல்லாமல் செய்யும். சில புற்றுநோயாளிகளுக்குக் கட்டியின் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று அறிய அதைச் செலுத்தியிருந்தார்கள். கட்டியில் பதிவது மூளையிலும் பதிந்திருக்க வேண்டும் அல்லவா? ஸ்வீடனைச் சேர்ந்த பீட்டர் எரிக்சனும், கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் இருந்த ஃபிரெட் கேஜும் இணைந்து, அத்தகைய ஐந்து நோயாளிகளின் மூளையை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்தார்கள். ஐந்திலும் ஹிப்போகாம்பஸில் அந்த அடையாளம் தாங்கிய நியூரான்கள் இருந்தன. வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில், கடும் நோயோடு இருந்தபோதும் அவர்கள் மூளையில் புதிய செல்கள் பிறந்திருக்கின்றன.

இங்கே இடத்தைப் பற்றி ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும். புதிய செல் பிறப்பது மூளை முழுவதும் நடப்பதில்லை. ஹிப்போகாம்பஸ் என்பது நினைவுகளை உருவாக்குவதில் பெரும்பங்கு வகிக்கும் பகுதி. காதுக்கு உட்புறம், மூளையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறது. அதற்குள்ளும் டென்டேட் கைரஸ் என்ற மெல்லிய மடிப்பில்தான் இந்தப் பிறப்பு. எலி இனங்களில் மோப்பத்துக்குரிய பகுதிக்கும் புதிய நியூரான்கள் போய்ச் சேர்கின்றன. மனிதர்களில் அது ஏறத்தாழ இல்லை. சிந்தனை, மொழி, திட்டமிடல் எல்லாம் நடக்கும் பெருமூளைப் புறணியில் நாம் பிறந்தபோது இருந்த நியூரான்களோடுதான் கடைசிவரை வாழ்கிறோம். ஆகவே "மூளையே புதுப்பிக்கப்படுகிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். 1997ல் கேஜின் குழுவில் கெர்ட் கெம்பர்மன், வெறும் கூண்டில் இருந்த சுண்டெலிகளையும், சுரங்கக் குழாய்களும் விளையாட்டுப் பொருட்களும் நிறைய துணை எலிகளும் இருந்த பெரிய கூண்டில் வளர்ந்தவற்றையும் ஒப்பிட்டார். இரண்டாவது கூட்டத்தின் ஹிப்போகாம்பஸில் புதிய நியூரான்கள் அதிகம். அந்தக் கூண்டில் விளையாட்டு, தோழமை, கற்றல், நடமாட்டம் என்று எல்லாம் கலந்திருந்தன. எது வேலை செய்தது? 1999ல் ஹென்ரியெட் வான் பிராக் இதைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கூட்டத்துக்கு நீருக்குள் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கும் பயிற்சி. இன்னொன்றுக்கு அதே அளவு நேரம் வெறும் நீச்சல். ஒன்றுக்கு வசதியான பெரிய கூண்டு. ஒன்றுக்கு, தான் விரும்பியபோது ஏறி ஓட ஒரு சக்கரம் மட்டும். ஒன்றுக்கு எதுவுமில்லை. சக்கரத்தில் ஓடியவற்றில் புதிய செல்களில் பிழைத்து நின்றவை இரண்டு மடங்கு ஆயின. வசதியான கூண்டில் கிடைத்த அளவு, ஓட்டத்தால் மட்டுமே கிடைத்துவிட்டது. நீர்ப் பயிற்சியும் அந்தச் சிறிது நேர நீச்சலும் எண்ணிக்கையை மாற்றவில்லை. அதே ஆண்டு வந்த அடுத்த கட்டுரையில், ஓடிய எலிகள் இடத்தை நினைவில் வைப்பதில் மேம்பட்டன என்றும், டென்டேட் கைரஸில் நியூரான்களுக்கு இடையேயான இணைப்புகள் வலுப்படும் திறன் கூடியது என்றும் காட்டினார்கள்.

வயதானவர்கள் கேட்க வேண்டிய செய்தி 2005ல் வந்தது. பத்தொன்பது மாத வயதுச் சுண்டெலி என்பது நம் கணக்கில் முதுமை. வயதாக வயதாக எலிகளில் புதிய நியூரான்களின் பிறப்பு பெருமளவு சரிந்துவிடும். வாழ்நாளெல்லாம் சும்மா இருந்த அத்தகைய கிழ எலிகளுக்கு ஓடும் சக்கரம் கொடுத்தபோது, புதிய நியூரான்களின் அளவு இளம் எலிகளில் இருக்கும் அளவில் பாதிக்கு ஏறியது, கற்பதிலும் தேறின. இளமை திரும்பவில்லை. ஆனால் தாமதமாகத் தொடங்கியது வீணாகவும் இல்லை.

கால்கள் ஓடுவது மூளையின் உள்ளே ஒரு மடிப்புக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். விடையின் பெரும்பகுதி ரத்தத்தில் இருக்கிறது.

முதலில் கவனம் பெற்றது பி.டி.என்.எஃப். என்ற புரதம். நியூரான்கள் பிழைத்திருக்கவும் கிளை விடவும் இணைப்புகளை வலுப்படுத்தவும் உதவுவது. 1995ல் கார்ல் காட்மனின் குழு, சக்கரத்தில் ஓடிய எலிகளின் ஹிப்போகாம்பஸில் இந்தப் புரதத்துக்கான மரபணுச் செயல்பாடு கூடுவதைக் கண்டது. தசை இயக்கத்துக்குரிய பகுதிகளில் கூடியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். நினைவுக்குரிய இடத்தில் கூடியதுதான் செய்தி. அடுத்து ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணி. பெரும்பாலும் கல்லீரலில் சுரந்து ரத்தத்தில் ஓடுவது. உடற்பயிற்சியின்போது மூளை அதைக் கூடுதலாக உள்வாங்குகிறது. 2001ல் மாட்ரிட்டில் ஓர் ஆய்வகம், அது மூளைக்குள் போகாதபடி தடுத்துவிட்டு எலிகளை ஓடவிட்டது. எலிகள் ஓடின, ஆனால் புதிய நியூரான்கள் கூடவில்லை. அந்த ஆய்வு நடந்தது கஹாலின் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில். ரத்தக்குழாய்கள் வளர உதவும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைத் தடுத்தபோதும் 2003ல் இதே முடிவு வந்தது.

பின்னர் ஒவ்வொரு உறுப்பாகக் கதைக்குள் வந்தது. தசைகள் சுரக்கும் கதெப்சின் பி என்ற புரதத்தை 2016ல் அடையாளம் கண்டார்கள். அதை உருவாக்க இயலாத எலிகளில் ஓட்டம் புதிய நியூரான்களைக் கூட்டவில்லை. கடுமையாக உழைக்கும் தசையில் சேரும் லாக்டேட், நீண்டகாலமாகக் கழிவாகவே கருதப்பட்டது, மூளைக்குச் சென்று பி.டி.என்.எஃப். கூட உதவுகிறது என்றும் ஆய்வுகள் வந்தன. 2020ல் சால் வியெடாவின் குழு இன்னும் துணிச்சலான ஒரு சோதனை செய்தது. உடற்பயிற்சி செய்த வயதான எலிகளின் ரத்தப் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, எடுத்து, நகராமல் கிடந்த வயதான எலிகளுக்குச் செலுத்தினார்கள். ஓடாத எலிகளின் ஹிப்போகாம்பஸிலும் புதிய நியூரான்கள் கூடின, நினைவுச் சோதனைகளிலும் அவை தேறின. பிளாஸ்மாவில் எது வேலை செய்கிறது என்று தேடியதில் ஜி.பி.எல்.டி.1 என்ற என்சைம் கிடைத்தது. அது உருவாவது கல்லீரலில். மூளைக்குள் அது எளிதில் நுழைவதுமில்லை. வெளியே இருந்தபடியே ஏதோ ஒரு சங்கிலியைத் தொடங்கிவைக்கிறது. சுறுசுறுப்பாக இருக்கும் முதியவர்களின் ரத்தத்திலும் இந்த என்சைம் கூடுதலாக இருந்தது. தசை, கல்லீரல், ரத்தக்குழாய் எல்லாம் சேர்ந்து மூளையோடு பேசுகின்றன. மூளையைத் தனி உறுப்பாக வைத்து யோசிக்கும் பழக்கத்தை இந்த ஆய்வுகளே என்னிடமிருந்து பிடுங்கின.

பிறந்த செல்லின் கதை அதோடு முடிவதில்லை, இங்கேதான் பலரும் தவறவிடும் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. டென்டேட் கைரஸில் உள்ள ஸ்டெம் செல் (புதிய செல்களை உருவாக்கும் மூலச் செல்) பிரிந்து ஒரு குட்டி நியூரான் உருவானால், அது பிழைப்பது உறுதியில்லை. பெரும்பாலானவை முதல் சில நாட்களிலும் வாரங்களிலும் இறந்துபோகின்றன. எலிகளில் பிழைத்தவை நான்கு முதல் ஆறு வாரங்களில் கிளைகள் விட்டு, ஏற்கெனவே இருக்கும் வலைப்பின்னலோடு இணைகின்றன. இந்த இளம் பருவத்தில் அவை மூத்த நியூரான்களைவிட எளிதில் தூண்டப்படும், இணைப்புகளை எளிதில் மாற்றிக்கொள்ளும். யார் பிழைப்பார், யார் போவார் என்பதை முடிவு செய்வதில் அந்தக் காலகட்டத்தில் மூளை என்ன வேலை செய்கிறது என்பதற்குப் பெரும்பங்கு உண்டு. கஷ்டப்பட்டுக் கற்க வேண்டிய பணியில் ஈடுபட்ட எலிகளில் புதிய செல்கள் கூடுதலாகப் பிழைத்தன.

கெம்பர்மன் குழு இதை 2009ல் நேரடியாகச் சோதித்தது. ஓட்டம் முக்கியமாகப் பிறப்பைக் கூட்டுகிறது. புதுமையும் சவாலும் நிறைந்த சூழல் முக்கியமாகப் பிழைப்பைக் கூட்டுகிறது. முதலில் சில நாள் ஓட்டம், பிறகு வளமான சூழல் என்று கொடுத்தபோது, இரண்டும் தனித்தனியே தந்த பயனைவிட அதிகம் கிடைத்தது. இதை மனிதர்களுக்கு அப்படியே பொருத்தலாமா என்பது தனிக் கேள்வி. ஆனாலும் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது: நடப்பதோடு நிறுத்தாதீர்கள், கூடவே உண்மையாகவே சிரமப்பட்டுக் கற்க வேண்டிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய மொழி, இசைக்கருவி, தெரியாத பாதை, நடனம் எதுவானாலும் சரி. ஏற்கெனவே கைவந்த புதிரைத் தினமும் நிரப்புவது அந்தக் கணக்கில் சேராது.

இந்தப் புதிய நியூரான்கள் என்னதான் செய்கின்றன? இன்று வண்டியை எங்கே நிறுத்தினேன், நேற்று எங்கே நிறுத்தினேன் என்று ஒரே மாதிரியான இரண்டு நினைவுகளைக் கலக்காமல் பிரித்து வைக்க வேண்டும். டென்டேட் கைரஸின் தனி வேலை இது. புதிய நியூரான்கள் பிறப்பதைத் தடுத்த எலிகள், அருகருகே இருக்கும் இரண்டு இடங்களைப் பிரித்தறியத் தடுமாறின. 2010ல், ஓடிய எலிகள் மிக நெருக்கமான இடங்களைக்கூட நன்றாகப் பிரித்தறிந்தன என்று காட்டினார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நான் படித்தபோது சிறிது நேரம் யோசிக்க வைத்தது. டொராண்டோவில் பால் ஃபிராங்க்லேண்டும் ஷீனா ஜோசலினும் 2014ல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்கு முதலில் ஒரு நினைவை ஏற்படுத்திவிட்டு, அதன்பின் வாரக்கணக்கில் ஓடவிட்டார்கள். ஓடியவை அந்தப் பழைய நினைவைக் கூடுதலாக மறந்தன. புதிய நியூரான்கள் வலைப்பின்னலுக்குள் நுழையும்போது பழைய இணைப்புகள் இடம் மாற வேண்டியிருக்கிறது. நமக்குக் கைக்குழந்தைப் பருவம் நினைவில்லாததற்கும் அந்த வயதில் புதிய நியூரான்கள் வெள்ளமாகப் பிறப்பது ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. இதைப் படித்து யாரும் ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். பழையதை ஓரளவு விடுவது புதியதைக் கற்க உதவுகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். வளர்ந்த மனிதர்கள் உடற்பயிற்சியால் நினைவை இழந்ததாக எந்தச் சான்றும் இல்லை.

மனிதர்களுக்கு வருவோம். இங்கே வேகத்தைக் குறைத்து நடக்க வேண்டும்.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது கிர்க் எரிக்சன், ஆர்தர் கிராமர் குழு 2011ல் வெளியிட்ட ஆய்வு. 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேர். பாதிப் பேருக்கு வாரம் மூன்று நாள் நடைப்பயிற்சி; பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல 40 நிமிடம் வரை கூட்டினார்கள். மற்றவர்களுக்குத் தசைகளை நீட்டும், உறுதிப்படுத்தும் பயிற்சிகள். ஓராண்டு முடிவில் நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. அந்த வயதில் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு சதவீதம் சுருங்குவது வழக்கம் என்பதால் இது பெரிய செய்தியாயிற்று. ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டுவது கன அளவை மட்டும். ரத்தக்குழாய்கள் பெருகினாலும், இருக்கும் நியூரான்கள் கிளை விட்டாலும், துணைச் செல்கள் கூடினாலும் கன அளவு கூடும். இதைப் புதிய நியூரான்களுக்கான சான்றாகக் காட்டுவது தவறு. 2018ல் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மொத்த ஹிப்போகாம்பஸில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. இடப்பக்கத்தில் மட்டும் பயன் தெரிந்தது, அதுவும் பெரும்பாலும் சுருங்குவதைத் தடுத்ததால் வந்தது. வளர்ச்சி என்று சொல்வதைவிட, தேய்மானம் குறைகிறது என்று சொல்வதே பொருத்தம்.

நேரடிச் சான்றுக்கு மிக அருகில் வந்தது 2007ல் ஸ்காட் ஸ்மாலும் கேஜும் இணைந்து செய்த ஆய்வு. எலிகளில் ஓட்டத்தால் டென்டேட் கைரஸில் ரத்த அளவு கூடுகிறது, அது புதிய நியூரான்களின் எண்ணிக்கையோடு சேர்ந்தே ஏறுகிறது என்று முதலில் காட்டினார்கள். பிறகு மூன்று மாதம் உடற்பயிற்சி செய்த மனிதர்களை ஸ்கேன் செய்தபோது அதே இடத்தில் அதே ரத்த அளவு கூடியிருந்தது. அழகான ஆய்வு. ஆனாலும் ரத்தத்தைத்தான் பார்த்தார்கள், செல்லைப் பார்க்கவில்லை.

அப்படியானால் வளர்ந்த மனித மூளையில் புதிய நியூரான்கள் எத்தனை? இதற்கு விடை தேட அணுகுண்டுச் சோதனைகள் உதவின. 1950களின் நடுவிலிருந்து, அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தம் வரை வெளியில் வெடித்த குண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் பெருகி, பின்னர் ஆண்டுதோறும் குறைந்துவந்தது. தாவரம் வழியாக, உணவு வழியாக அது நம் உடலுக்குள்ளும் வந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டில் காற்றில் இருந்த அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்து நிற்கும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசேனின் குழு இதை வைத்துச் செல்களின் வயதைக் கணித்தது. புறணி நியூரான்கள் அந்த மனிதரின் வயதையே கொண்டிருந்தன. ஹிப்போகாம்பஸ் அப்படி இல்லை: 2013ல் அவர்கள் சொன்ன கணக்கு, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நியூரான்கள். நம் மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன என்பதை நினைத்தால் சொற்பம். ஆனால் டென்டேட் கைரஸ் என்ற சிறிய மடிப்புக்குள், இளம் செல்களின் துடிப்போடு பார்த்தால் புறக்கணிக்க முடியாத எண்ணிக்கை.

2018ல் சண்டை வெடித்தது. மார்ச் மாதம் ஆர்ட்டுரோ அல்வாரெஸ்-புய்யாவின் குழு, குழந்தைப் பருவத்திலேயே புதிய நியூரான்கள் செங்குத்தாகக் குறைந்துவிடுகின்றன, வளர்ந்தவர்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று எழுதியது. ஏப்ரலில் மௌரா போல்ட்ரினியின் குழு, 14 முதல் 79 வயதுவரை 28 பேரின் மூளைகளில் அவை தொடர்ந்து இருக்கின்றன என்று எழுதியது. ஒரே கேள்வி, ஒரு மாத இடைவெளியில் நேர் எதிரான இரண்டு விடைகள். 2019ல் மாட்ரிட்டில் மரியா யோரென்ஸ்-மார்ட்டின், இறந்தபின் மூளைத் திசுவை எவ்வளவு விரைவாக, எவ்வளவு நேரம் பதப்படுத்துகிறார்கள் என்பதே முடிவை மாற்றிவிடும் என்று காட்டினார். இளம் நியூரான்களை அடையாளம் காட்டும் டபுள்கார்ட்டின் என்ற புரதம் ரசாயனத்தில் அதிக நேரம் கிடந்தால் மறைந்துவிடும். கவனமாகப் பதப்படுத்திய திசுக்களில் 87 வயதுக்காரரிடம்கூட ஆயிரக்கணக்கில் இளம் நியூரான்கள் இருந்தன. அல்சைமர் நோயாளிகளிடம் மிகவும் குறைந்திருந்தன. 2025ல் ஃபிரிசேன் குழு மறுபடி வந்தது. தனித்தனிச் செல்களின் மரபணுச் செயல்பாட்டை அளந்து, 78 வயதுவரையுள்ளவர்களின் ஹிப்போகாம்பஸில், பின்னர் நியூரான்களாக மாறப்போகும், பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடிச் செல்களையே கண்டுபிடித்தது. ஆளுக்கு ஆள் பெரும் வேறுபாடு: சிலரிடம் நிறைய, சிலரிடம் ஏறக்குறைய எதுவுமில்லை. என் மதிப்பீட்டில் இப்போது தராசு "பிறக்கின்றன" என்ற பக்கமே சாய்ந்திருக்கிறது. அந்த ஆளுக்கு ஆள் வேறுபாட்டில் உடற்பயிற்சிக்குப் பங்கு இருக்கிறதா என்பதே இனி நான் ஆவலோடு காத்திருக்கும் விடை.

அல்சைமரைப் பற்றி ஒரு வார்த்தை. 2018ல் ருடால்ஃப் டான்சியின் குழு, அல்சைமர் போன்ற நிலை ஏற்படுத்தப்பட்ட எலிகளில் மருந்தாலும் மரபணு வழியாலும் புதிய நியூரான்களை மட்டும் கூட்டிப் பார்த்தது. நினைவு தேறவில்லை. உடற்பயிற்சி செய்த எலிகள் தேறின. புதிய நியூரான்களோடு பி.டி.என்.எஃப்.பையும் சேர்த்துக் கூட்டியபோதுதான் உடற்பயிற்சிக்கு நிகரான பலன் வந்தது. செல்லைப் பிறக்க வைத்தால் மட்டும் போதாது, அது வாழக்கூடிய சூழலும் வேண்டும். ஓட்டம் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது.

இனி எந்தப் பயிற்சி, எவ்வளவு. 2016ல் ஃபின்லாந்தில் எலிகளை மூன்று விதமாகப் பயிற்றுவித்தார்கள்: விருப்பம்போல் நீண்டநேர ஓட்டம், குறுகிய கடும் வேக ஓட்டங்கள், வாலில் எடை கட்டி ஏறும் வலுப் பயிற்சி. நீண்ட ஓட்டத்தில் புதிய நியூரான்கள் அதிகம். வேக ஓட்டத்தில் கொஞ்சம். வலுப் பயிற்சியில் கூடவில்லை. இதனால் எடைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். எலும்புக்கும் தசைக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் அது அவசியம், சிந்தனைத் திறனுக்கும் அது வேறு வழிகளில் உதவுகிறது. புதிய நியூரான்கள் என்ற ஒரே கேள்விக்கு மட்டும், மூச்சு சற்று வாங்கும் அளவில் நீடித்துச் செய்யும் பயிற்சிகள் முன்னால் நிற்கின்றன. வேக நடை, மெல்லோட்டம், சைக்கிள், நீச்சல் எதுவானாலும் சரி.

மன அழுத்தத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். நீடித்த அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் புதிய நியூரான்களின் பிறப்பைக் குறைக்கின்றன. 2006ல் எலிசபெத் கூல்டின் குழு, தனியாக அடைத்து வைக்கப்பட்ட எலிகள் ஓடியும் உடனடிப் பயன் பெறவில்லை, கூட்டமாக வாழ்ந்தவை பெற்றன என்று கண்டது. தூக்கம் கெட்டாலும் இந்தப் பிறப்பு குறைகிறது. வெறுத்துக்கொண்டே, தூக்கத்தை வெட்டி, உடலைக் கசக்கிச் செய்யும் பயிற்சியைவிட, விருப்பத்தோடு, முடிந்தால் துணையோடு செய்வதைத் தேர்ந்தெடுங்கள்.

அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020ல் வகுத்ததையே சொல்வேன்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசை வலுப்படுத்தல். "நியூரான்களுக்கான தனி அளவு" என்று யாராவது நிமிடக் கணக்கு சொன்னால், அதற்கு ஆதாரம் கிடையாது. கிர்க் எரிக்சனின் நடைப்பயிற்சி ஆய்வில் முதியவர்கள் பத்து நிமிடத்தில்தான் தொடங்கினார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, பி.டி.என்.எஃப்.பைக் கூட்டும் மாத்திரை, அதை அளக்கும் ரத்தப் பரிசோதனை என்று விற்கப்படுபவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் அளக்கும் பி.டி.என்.எஃப். பெரும்பாலும் ரத்தத் தட்டணுக்களில் சேமிக்கப்பட்டிருப்பது. ஹிப்போகாம்பஸில் என்ன நடக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. இதய நோய், கட்டுப்பாடில்லாத ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் புதிதாகத் தொடங்கும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் சைக்கிளும் நீச்சலும் போதும். இதயத்துடிப்பு ஏறி, அது வாரந்தோறும் தொடர்வதுதான் முக்கியம்.